நாலாம் நம்பர் மலையில் நான் பேயானேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது நடந்தது இது. கண்டி மஹய்யாவையில் இருந்த என் சிநேகிதன் ஒரு போட்டோக் கடையில் வேலை பார்த்தான். முதலாளியின் பழைய சினிமாக் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான். "பேய்ப்படம் எடுப்போம். நீதான் பேய்" என்றான்.

முகத்தில் அரிசிமா, தலையில் தேங்காய் நார், உடம்பில் என் மனைவியின் வெள்ளைச் சேலை. நாலாம் நம்பர் மலையில் இடிந்து கிடந்த, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்து வீட்டின் முன்னால் கையை விரித்துக்கொண்டு ஆடினேன். விறகு பொறுக்க வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டாள். கட்டைக் கீழே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். அந்த மலைக்குக் கொழுந்து பறிக்க ஒருத்தியும் போகவில்லை. புரளி கிளப்பியவள் என்று தோட்டத்துத் துரை அவளுக்குக் கணக்குத் தீர்க்கும் பற்றுச்சீட்டுக் கொடுத்து, தோட்டத்தை விட்டே அனுப்பச் சொன்னார். அந்தச் சீட்டை எழுத வேண்டியவன் நான். பேனாவை எடுத்தேன், எழுதாமலே மூடி வைத்தேன்.

துரையிடம் போய் உண்மையைச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி ஏசினார். ஒரு வாரத்துக்குள் பெண்கள் அந்த மலைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்தை விட்டுப் போகப்போவது நான் என்றார்.

நேரே அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போய், "அது நான்தான்" என்றேன். அவள் நம்பவேயில்லை.

"எங்க பயம் போகணும்னு சொல்றீங்க, கிளாக்கர் ஐயா. நான் பாத்ததுக்குக் காலே இல்லீங்க."

சிநேகிதனுக்கு ஆள் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு மத்தியானம், கழுவிய படத்தோடும் கையால் சுற்றிப் படம் காட்டும் மெஷினோடும் வந்தான். கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, சுவரில் வேட்டியைக் கட்டினோம். அவளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, புருஷன் கையைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தாள்.

பேய் கையை விரித்தது. கொட்டகையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டார்கள். பேய் ஒரு வேரில் தடுக்கி விழுந்தது. எழுந்தபோது மாவு உதிர்ந்து என் மீசை எட்டிப் பார்த்தது. பிறகு சேலையை முழங்கால்வரை தூக்கி, காலில் தொங்கிய அட்டையைப் பிய்த்து எறிந்தது.

"அடியே, பேய அட்டை கடிக்குதுடி!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் கொட்டகையே அதிர்ந்தது. மூன்று தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை கூடைகள் வரிசையாக அந்த மலை ஏறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அவள் பயந்து ஓடியதைப் பார்த்துச் சிரித்தவன் நான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபோது மனசிலிருந்து இறங்கிய பாரத்தை நினைத்தால், இன்றைக்கும் யாரையும் வேடிக்கைக்காகப் பயமுறுத்த எனக்கு மனம் வருவதில்லை.