பல் பார்த்து வாங்கிய கேமரா

கேமராவைக் கையில் கொடுத்ததும் பாண்டுரங்கன் முதலில் அதன் வாயைத் திறந்து பார்ப்பார். பேட்டரி போடும் மூடியைத்தான் சொல்கிறேன். கட்டைவிரலால் அதை நெம்பி, உள்ளே ஒருமுறை ஊதி, காதோரம் வைத்து ஆட்டுவார். அப்புறம் கடைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஒரே கேள்வி: "இது எத்தினி பல்லு?"

விக்கிரவாண்டியில் மாட்டுத் தரகு அவர் தொழில். மாட்டின் வயதைப் பல்லில் பார்ப்பவர் கேமராவின் வயதை வேறு எதில் பார்ப்பார்? மெகா பிக்சலைத்தான் பல் என்று வைத்துக்கொண்டார். பேத்தி கலைமதி பிறந்த வாரம், குழந்தையைப் படம் எடுக்கவென்று முதன்முதலாக விழுப்புரத்துக்குக் கேமரா பார்க்கப் போனார். அன்று கடையில் இருந்தது ரெண்டு பல். அடுத்து நாலு பல் வருகிறது என்று யாரோ சொன்னார்கள், திரும்பிவிட்டார். நாலு வந்தபோது ஆறு வருவதாகப் பேச்சு.

"எட்டு வரட்டும். எட்டுப் பல்லோட கடை சேந்துடும். அதுக்கு மேல மாட்டுக்கும் மொளைக்காது, மெஷினுக்கும் மொளைக்காது. அப்ப வாங்கினா நின்னு ஒழைக்கும்" என்று பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிறு கூட்டத்துக்கே விளக்கினார். எட்டும் வந்தது. பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் கிளம்பிய அன்று செய்தித்தாளில் பத்துக்கு விளம்பரம் வந்திருந்தது. மனிதர் ஆடிப்போனார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பக்கத்து வீட்டு டீச்சரான நான் தெருவெல்லாம் சொல்லி வைத்தேன். ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார் என்பதுதான் நடந்தது.

மயிலம் மலைமேல் நின்றே கண்டமங்கலத்தில் மேயும் மாட்டின் சுழியை எண்ணிவிடுவார் என்றும் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு அவர் மறுக்கவில்லை. "மேகம் இல்லாம இருக்கணும் டீச்சரம்மா" என்று திருத்தினார். பெட்டிமேல் இருக்கும் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல ஒவ்வொரு தடவையும் என்னையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவார். சொன்னால் நம்பமாட்டார். "பெட்டிமேல எழுதறவன் விக்கிறவன்தான?" என்பார்.

இந்தப் பேஜாரை எல்லாம் கொஞ்சமும் சகிக்காதவர் அவர் மனைவி பவுனு. "புள்ள பொறந்தா, தவழ்ந்தா, காது குத்தினா, பள்ளிக்கோடம் போறா. இந்தாளு இன்னும் பல்லு எண்ணிக்கினு கீறாரு" என்று முறத்தைத் தட்டுகிற வேகத்திலேயே சொல்லிவிடுவார்.

போன மாதம் அவசரம் வந்துவிட்டது. மருமகனுக்கு மஸ்கட்டில் வேலை. மகள் காயத்ரியும் கலைமதியும் மறுநாள் விமானம் ஏற வேண்டும். கலைமதிக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. அந்தச் சந்தோடு அவள் சிரிப்பதைப் படமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தாத்தாவின் தவிப்பு. "லீவுல வரும்போது பல்லு மொளச்சி வேற புள்ளயா வருவா டீச்சரம்மா" என்றபோது அவர் குரலில் தரகர் இல்லை. ஆனால் பல் விழுந்த நாளிலிருந்து அவள் சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனால் உதட்டை இறுக்கிக்கொண்டு, கடன் கொடுத்தவள் மாதிரி முறைத்தாள்.

பேத்தியையும் என்னையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் கடைக்குப் போனார். விற்பனையாளர் ஆனந்தராஜுக்கு அவர் பழைய வாடிக்கையாளர். எதுவும் வாங்காத வாடிக்கையாளர். பார்வைக்கு வைத்திருந்த எட்டுப் பல்லை எடுத்து உயிர்ப்பித்துவிட்டு, "ஐயா, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் இத்தவிட நல்லதா ஒண்ணு வருது" என்றார்.

பாண்டுரங்கன் பேத்தியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை இழுத்து ஆனந்தராஜின் இடது கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை நுழைத்தார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம்.

"ஐயா, இன்னா பண்றீங்க? எங்க கடையில ஒரே வெலைதான்!"

"சத்தம் போடாத தம்பி. பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. இந்த வெரலு சரியா?"

"ஐயோ, கூசுது! விடுங்க ஐயா, கூசுது!" ஆனந்தராஜ் குப்புற வளைந்தார், பக்கவாட்டில் நெளிந்தார், கண்ணாடிப் பெட்டிமேல் ஏறாத குறை. கலைமதி முக்காலியில் உட்கார்ந்தபடி வெடித்துச் சிரித்தாள். பொத்திக்கொள்ளக் கை வாய்க்கு வருமுன் பளீரென்று ஒளி அடித்தது. ஆனந்தராஜின் வலது கையிலிருந்த கேமரா அந்த நெளிவில் தானாக அமுங்கியிருந்தது.

சின்னத் திரையில் படம் கோணலாக நின்றது. ஒரு மூலையில் துண்டு. மிச்சமெல்லாம் கலைமதியின் சிரிப்பு, அந்தச் சந்து, உள்ளே தெரிந்த நாக்குவரை.

"தெரியாம அமுக்கிட்டேன் ஐயா, அழிச்சிடறேன்."

"டேய், கைய எடு!" கடையே திரும்பிப் பார்த்தது. "இதையே குடு. ஜல்தி."

"இது எல்லாரும் தொட்டுப் பாக்கிற பீஸு. பிரிக்காத பெட்டி உள்ள இருக்குது. படத்த அதுக்கு மாத்திக் குடுத்துடறேன்."

"கன்னு இந்த மாட்டு வயித்துல கீது. அத எடுத்து வேற மாட்டு வயித்துல வைப்பியா நீ?"

ஆனந்தராஜ் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டேன்.

ஆறு வருடம் புத்தம் புதியதற்காகக் காத்திருந்தவர், ஊரார் விரல்ரேகையெல்லாம் படிந்த பழையதை, சொன்ன விலைக்கே வாங்கினார். ரசீதைச் சட்டைப்பையில் திணித்தார். பிறகு கேமராவில் தொங்கிய கறுப்பு வாரை நிதானமாக அவிழ்த்து, ஆனந்தராஜின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"வித்த மாட்டோட பழைய கவுறு வரக் கூடாது தம்பி. கவுறு உங்களுது, மாடு எங்களுது."

புதுக் கயிற்றுக்கு இடுப்பைத் தடவினார், பையைத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. கலைமதியின் வலப்பக்கச் சடையிலிருந்து சிவப்பு ரிப்பனை உருவி, கேமராவின் வளையத்தில் கோத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, வலுப்பார்க்க ஒருமுறை சுண்டி இழுத்தார்.