தொண்ணூற்றொன்பதில் ஒன்று

தொண்ணூற்றொன்பது. 1971இல் இங்கிலாந்தின் ஏதோ ஒரு பள்ளிக்கூட இசையறையில் நாலு பையன்கள் சேர்ந்து பதிவு செய்த ஓர் இசைத்தட்டு, மொத்தமே அத்தனை பிரதிகள்தான் அச்சானது. நூறு அடித்தால் வரி கட்ட வேண்டும். ஒன்றைக் குறைத்தால் வேண்டாம். ஆகவே அது இவ்வளவு அபூர்வமாகிப் போனதற்குக் காரணம் கலை அல்ல, கணக்கு. குழுவின் பெயர் பென்னிஃபோல்ட்ஸ் ஃப்ளோட்டிங் லைப்ரரி. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அதில் ஒரு கலங்கரை விளக்கக் காவலன் தன் விளக்கோடு சண்டை போடுகிறான். நடுவில் ஓர் ஆர்கன் வந்து சமாதானம் பேசுகிறது. புல்லாங்குழல் ஒன்று யார் சொல்லையும் கேட்காமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. முடியும் தறுவாயில் யாரோ தும்முகிறார்.

அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒன்று, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடியில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரின் அலமாரியில் இருந்தது. வாங்கிப் பதினோரு வருஷத்தில் அவர் அதைக் கேட்டது இரண்டே முறை. ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஊசி தட்டை ஒரு பொட்டளவு தின்கிறது என்பது அவர் கட்சி. கேட்காமல் இருப்பதுதான் உண்மையான மரியாதை.

கண்ணாடிக்காரருக்கு இந்தப் பித்து பிடித்த கதை அவர் பத்தொன்பதாவது வயதில் தொடங்குகிறது. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, பழைய சாமான் கடையில் ‘ஆறு தட்டுகளில் ஆங்கிலம்’ என்ற பாடத்தொகுப்பை வாங்கினார். ஐந்து தட்டுகள் ஒழுங்காக இருந்தன. ரயில் நிலையத்தில் உரையாடல், தபாலாபீசில் உரையாடல், அப்படி. ஆறாவது உறைக்குள் வேறு ஏதோ ஒரு குழுவின் பாட்டுத்தட்டு இடம் மாறி வந்துவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை. உயர்நிலைப் பாடம் போலிருக்கிறது, அதனால்தான் புரியவில்லை என்று எண்ணி, ஒரு மாதம் ஒற்றைக்காலில் நின்று மனப்பாடம் செய்தார். நேர்முகத் தேர்வில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். தான் ஆழ்கடலின் அரசன் என்றும், தன் மகுடம் உப்பால் ஆனது என்றும் நல்ல உச்சரிப்பில் சொன்னார். வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆறாம் பாடம் அவரை விடவில்லை.

பிறகு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கக் கற்று, நாளடைவில் சொந்தக் கடை வைத்தார். நாள் முழுக்க விளக்கடியில் லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துக் கீறல் பார்ப்பது தொழில். அதே மாதிரி விளக்கொன்று வீட்டிலும் உண்டு. அதனடியில் தட்டுகளைச் சாய்த்துச் சாய்த்துக் கீறல் பார்ப்பது பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வந்த ப்ராக்ரெசிவ், சைக்கடெலிக் ராக் மட்டும்தான் சேர்ப்பார். அதிலும் பேர் போன குழுக்கள் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். பத்துப் பேருக்குத் தெரிந்த குழு என்றால் பாதி ஆர்வம் போய்விடும். நூறு பேருக்குத் தெரிந்துவிட்டால், அது ஏதோ கல்யாண வீட்டு மைக் செட் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குறை ஒன்றுதான். வீட்டில் கேட்க ஆள் இல்லை. மனைவி தொலைபேசி நிலையத்தில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்க ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு லைனில் எங்கே கரகரக்கிறது என்று கண்டுபிடித்தவர். கல்யாணமான புதிதில் கணவர் ஆசையாக ஒரு தட்டைப் போட்டுக் காட்டியபோது, கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டுவிட்டு, “ரெண்டு லைன் ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்குங்க. பிரிச்சு விட்டா சரியாயிடும்” என்றார். மகள் சின்ன வயதில் ஊசி இறங்கும் சத்தம் கேட்டாலே அடுத்த வீட்டுக்கு விளையாடப் போய்விடுவாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைதான் பாவம், மரியாதைக்கு ஏழு நிமிடம் உட்கார்ந்து கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில், “பாட்டு எப்ப மாமா ஆரம்பிக்கும்?” என்றார்.

போன வருஷம் பேத்தி பிறந்தாள். ஏழு மாதமானதும் மகள் வேலைக்குத் திரும்பினாள்; குழந்தை பகலில் இங்கே. மதியத்தில் வியாபாரம் மந்தம் என்பதால் கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார், மனைவி சற்றுத் தலை சாய்க்கலாம் என்று. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். குழந்தைதான் தூங்கவில்லை. தொட்டில், தோள், நடை, தாலாட்டு எதற்கும் மசியவில்லை. தாலாட்டு அவர் பாடியது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே வாரம் தொப்பியிடமிருந்து போன் வந்தது. தொப்பி என்பவர் அதே பித்துப் பிடித்த இன்னொருவர். வழுக்கையை மறைக்க ஒரு தொப்பி, அதுவே பெயராகிவிட்டது. இவர்களைப் போல இன்னும் நாலு பேர் உண்டு. மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் வைத்திருப்பதை இன்னொருவர் மட்டம் தட்டுவார்கள்.

“அப்ஸ்டேர்ஸ் வெதர் மூணாவது ஆல்பம் கிடைச்சிருக்குய்யா” என்றார் தொப்பி.

கண்ணாடிக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்தக் குழு போட்டதே மூன்று ஆல்பம். முதல் இரண்டும் அவரிடம் உண்டு. மூன்றாவதற்காக இருபது வருஷமாக அலமாரியில் ஒரு விரல் அகலம் இடம் விட்டு வைத்திருந்தார்.

“என்ன வேணும் உனக்கு?”

“பென்னிஃபோல்டு. ஆனா கீறல் இருக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.”

“என்கிட்ட இருக்கறதுல கீறலா? போய்க் கண்ணைப் பரிசோதிச்சுக்கோ. கட்டணம் வாங்க மாட்டேன்.”

மாதக் கடைசிச் சனிக்கிழமை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. போன் வந்த அன்று மதியம், பிரியப்போகிற தட்டைக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று கையைக் கழுவித் துடைத்து, முதல் பக்கத்தைப் போட்டார். பேத்தியைப் பக்கத்தில் பாயில் கிடத்தினார். காவலன் விளக்கோடு மல்லுக்கட்டத் தொடங்கினான். கண்ணாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண் விழித்தபோது ஊசி தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. மனைவி எடுத்து வைத்திருப்பார். பாயில் பேத்தி வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேறு தட்டு எதுவும் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பென்னிஃபோல்டையே போட்டார். தூங்கினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. இந்தப் பாட்டை நாடுகிற இரத்தம் ஒருவழியாகக் குடும்பத்தில் பிறந்துவிட்டது என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

“மாத்தப்போற பொருளப் போட்டு இப்படித் தேய்க்கிறீங்களே” என்றார் மனைவி.

“கேக்கத் தெரிஞ்ச ஆளுக்குப் போடாம வேற யாருக்குப் போடறது?”

விஷயம் மகள் காதுக்குப் போக, மாப்பிள்ளை ஓர் உபகாரம் செய்தார். தட்டிலிருந்து பாட்டைப் போனில் ஏற்றி, கரகரப்பு, இரைச்சல், கடைசியில் வருகிற வெற்று ஓசை எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்கிக் கொண்டுவந்தார். “இனிமே ரெக்கார்டு தேயாது மாமா.” ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தார்கள். குழந்தை தூங்கவே இல்லை. சாயங்காலம்வரை வீட்டைத் தலைகீழாக்கினாள்.

கண்ணாடிக்காரர் தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. டிஜிட்டலில் உயிர் இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறார்; யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்று பல் முளைக்காத ஒருத்தி சாட்சி சொல்லிவிட்டாள். அந்த வெற்றிக்கு விலை, திங்கட்கிழமை மறுபடி ஊசியை இறக்க வேண்டும் என்பது. இறக்கினார். இறக்கிவிட்டு, விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. மகளுக்கு அன்றும் வேலை. தொப்பி சொன்ன நேரத்துக்கு முன்பே, அட்டைகளுக்கு நடுவே பத்திரப்படுத்திய மூன்றாவது ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். கதவைத் திறந்த மனைவி உதட்டில் விரல் வைத்தார்.

“மெதுவா வாங்கண்ணே. ரெண்டு பேரும் தூங்குறாங்க.”

தொப்பி எட்டிப் பார்த்தார். நாற்காலியில் நண்பர், பாயில் குழந்தை. அதெல்லாம் சரி. ஆனால் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து, ஊசி கடைசி வட்டத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“ஐயோ, ஊசியத் தூக்குங்க தங்கச்சி. அது என்னோட ரெக்கார்டு” என்றார் தொப்பி.

கண்ணாடிக்காரர் திடுக்கிட்டு எழுந்தார். பாட்டு முடிந்த பிறகு ஊசியைத் தட்டில் விட்டு வைப்பது, அவர் உலகில், பச்சைப் பிள்ளையை அடுப்பருகே விட்டுப் போவதற்குச் சமம். பாய்ந்து தூக்கினார். டிக் நின்றது. அடுத்த நொடி பேத்தி கண்ணைத் திறந்து வீறிட்டாள்.

“தூக்காதீங்கன்னு சொல்ல வர்றதுக்குள்ள…” என்றபடி மனைவி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தட்டை உருவினார். ஆங்கிலப் பாடம், ரயில் நிலையத்தில் உரையாடல். பென்னிஃபோல்டை எடுத்துவிட்டு அதை வைத்து, ஊசியை நேரே கடைசி வட்டத்தில் இறக்கினார். டிக். டிக். குழந்தை இரண்டு தடவை விசும்பி, கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.



“பாட்டுக்கு இல்லீங்க” என்றார் மனைவி. “இந்த டிக்குக்குத்தான். மாப்பிள்ள போன்ல அதத் தொடச்சுட்டாரு, அதான் தூங்கல. நீங்க தினம் பாதியிலேயே தூங்கிடுறீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“முதல் வாரமே.”

“சொல்லலாம்ல?”

“சொன்னா முகம் தொங்கிடும். இன்னிக்கு இதக் குடுத்துட்டு, கேட்டத வாங்கிக்குங்க. அவளுக்கு ரயில் நிலையம் போதும்.”

முகம் தொங்கத்தான் செய்தது. தொப்பி அதற்குள் பென்னிஃபோல்டை விளக்கடிக்குக் கொண்டுபோயிருந்தார். சாய்த்தார், திருப்பினார், மூச்சை இழுத்தார். “முடி மாதிரி கோடு விழுந்திருக்குய்யா. பழைய மதிப்பு கிடையாது. சரி, பழகின தோஷம், எடுத்துக்கறேன். இந்தா.” மூன்றாவது ஆல்பத்தை நீட்டினார். உறையில் ஒரு மடிப்பில்லை. அந்த ஒரு விரல் இடத்துக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

கண்ணாடிக்காரர் கையை நீட்டவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பாடத்த அவளுக்கு முழுசாப் போட்டுப் பாத்தியா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“நீங்க கடையில இருந்தப்ப ஒருநாள் போட்டேன்.”

“ஓடும்போது என்ன பண்ணினா?”

மனைவி யோசித்தார். பொய் சொல்லி வழக்கமில்லை. பழுது என்றால் பழுது, இல்லை என்றால் இல்லை என்று எழுதிப் பழகியவர். “கத்தினா. முடியற வரைக்கும் கத்திட்டு, டிக்குக்குத் தூங்கினா.”

“பென்னிஃபோல்டு ஓடும்போது?”

“கத்தல.”

“அப்புறம்?”

“சும்மாப் படுத்திருந்தா.”

“கண்ணத் தொறந்துக்கிட்டா?”

“தொறந்துக்கிட்டுத்தான்” என்றார் மனைவி, இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்தும்.

கண்ணாடிக்காரர் மெல்ல நிமிர்ந்தார். “அப்போ பக்கம் முழுக்க முழிச்சிருக்கா. முடிஞ்ச பிறகுதான் தூங்கியிருக்கா. அந்தப் பாட்ட இந்த வீட்டுல தினமும் கடைசி வரைக்கும் கேட்டது அவ ஒருத்திதான். நானே கேட்டதில்ல.” தொப்பியின் கையிலிருந்து தட்டை வாங்கி உறைக்குள் நுழைத்தார். “மன்னிச்சுக்கப்பா. தரல.”

“கோடு விழுந்ததுக்கு, புதுசத் தரேங்கறேன். இருபது வருஷமா கேட்டியேய்யா.”

“கேட்டேன்.”

“ஏழு மாசக் குழந்த. அதுக்கு என்ன தெரியும்?”

“உனக்கு என்ன தெரியும்? நீ இதக் கேட்டிருக்கியா?”

தொப்பி கேட்டதில்லை. அதைச் சொல்ல மனம் வராமல், கண்ணாடிக்காரர் மனைவி தந்த தேநீரைக் குடித்து முடித்து, ஆல்பத்தைத் திரும்ப அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். இறங்குகிறபோதே அவருக்கு ஒன்று உறைத்தது. சுத்தமான மூன்றாவது ஆல்பத்தை வேண்டாமென்று ஒருவன் சொல்கிறான் என்றால், பென்னிஃபோல்டில் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது. மற்ற நாலு பேருக்கும் தெரிவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை மதியம் தொப்பி போன் செய்து, ஒன்றுக்கு இரண்டாகத் தருவதாகச் சொன்னார். போனை எடுத்தது மனைவி. முதல் பக்கம் பாதிதான் ஓடியிருந்தது. கண்ணாடிக்காரர் தூங்கிவிட்டார், பேத்தி இன்னும் தூங்கவில்லை.