மைனஸ் இரண்டில் எடுத்த படங்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தெட்டு வயதில் கேமரா ஆசை வந்தது. வந்தது என்றால் சும்மா வரவில்லை, பேய் பிடித்த மாதிரி வந்தது. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய டிஜிட்டல் கேமரா. வாங்கிய நாளிலிருந்து மனுஷனுக்குத் தலை கால் புரியவில்லை. பால் வாங்கப் போனால்கூட அது கழுத்தில் தொங்கியது. வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த லிஃப்ட் எங்கே மக்கர் பண்ணினாலும், போனவுடன் அவர் கேட்பது ஒரே கேள்வி: "யாராவது எதையாவது தொட்டீங்களா?" எல்லோரும் இல்லை என்பார்கள். யாரோ தொட்டிருப்பார்கள். இத்தனை லிஃப்டுகளை ஓட வைக்கிறவருக்கு ஒரு கேமரா எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டார், அதுதான் வினை.

அவருக்குப் பிள்ளை இல்லை. அக்கா மகள்தான் எல்லாம். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. சின்ன வயதில் அவளைக் கரிக்கட்டை என்று கூப்பிட்ட பையன்களைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தி, இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்காதபடி வாங்கு வாங்கென்று வாங்கியவர் இவர். அந்தப் பெண் இப்போது மருந்தாளுநர் படிப்பை முடித்து ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேரவிருந்தாள். கடைச் சுவரில் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்ட, வெள்ளைக் கோட்டு போட்ட படம் ஒன்று வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார்.

"ஸ்டுடியோக்காரரை வரச் சொல்லட்டுமா?" என்றாள் அக்கா.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஸ்டுடியோக்காரர் எதுக்குக்கா?"

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மொட்டை மாடியில் படம் எடுத்தார். கோட்டோடு தனியாக, அம்மா அப்பாவோடு, பிறகு அவளை நடுவில் நிறுத்தி எல்லோருமாக. கேமராவின் திரையில் ஒவ்வொன்றும் ஜம்மென்று இருந்தது. வெயிலில் திரை தெரியவில்லை என்று அதன் வெளிச்சத்தை அவர் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். மங்கலான படத்தைக்கூட அது பளிச்சென்று காட்டும் என்பது அவருக்கு எங்கே தெரியும்?

கீழே இறங்கி வந்து, எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, டிவியில் போட்டுக் காட்டினார். ஒரே இருட்டு. வெள்ளைக் கோட்டு அழுக்குச் சாம்பலாக இருந்தது. ஆட்கள் எல்லாம் நிழலாக நின்றார்கள்.

"என்ன மாப்ள, கரண்ட் போனப்ப எடுத்தியா?" என்றார் அக்கா புருஷன்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். "மாமா, இதுல நான் எங்க இருக்கேன்?"

நம்ம ஆளுக்கு மூக்குக்கு மேல் கோபம். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். "கேமராவுல ஒரு குத்தமும் இல்ல. நான் எதையும் தொடவும் இல்ல. கறுப்பா இருக்கறவங்கள நடுவுல நிறுத்தினா படம் இப்படித்தான் வரும்" என்றார்.

அந்தப் பெண் எழுந்து, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அக்கா தம்பியைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் மனைவி, "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றாள்.

"உள்ளதைத்தான சொன்னேன்."

உள்ளது என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. மறுநாள் காலையில் லென்ஸைத் துடைத்தார். பேட்டரியை மாற்றினார். கடைசியில் மனைவியை ஜன்னலோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அவள் எலுமிச்சம்பழ நிறம். கல்யாணமான நாளிலிருந்து ஊரே சொல்கிற விஷயம் அது. படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டார். அவளும் இருட்டில் நின்றாள்.

எட்டிப் பார்த்த மனைவி, "இப்ப யார் நிறத்தைக் குத்தம் சொல்லப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கேமராவைக் கண்ணில் வைத்து நிதானமாகப் பார்த்தார். கண்ணாடிக்குள் அடியில் சின்னதாக ஒரு அளவுகோல். நடுவில் நிற்கவேண்டிய முள் இடது பக்கம் மைனஸ் இரண்டில் நின்றது. அப்போதுதான் பூனை ஞாபகம் வந்தது. சனிக்கிழமை பக்கத்து வீட்டு வெள்ளைப் பூனையைக் கறுப்பு சோபாவில் உட்கார வைத்து எடுத்தார். பூனை சுண்ணாம்பு உருண்டையாக வெளுத்து வந்தது. ஏதோ வீடியோவில் சொன்னபடி வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தார், பூனை அழகாக வந்தது. குறைத்ததை ஏற்ற மறந்துவிட்டார். கேமராவை அணைத்தாலும் அது குறைந்தபடியே நிற்குமாம். தொட்டவர் அவர்தான்.

முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி ஜன்னலைப் படம் எடுத்தார். கம்பியில் இருந்த துருகூடத் தெரிந்தது. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூட வாசலில் அந்தப் பையன்கள் சொன்னதாவது விளையாட்டுப் பேச்சு. இவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளைப் பிடித்து முன்னால் தள்ளியிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அன்று சாயங்காலமே போனார். அவள்தான் கதவைத் திறந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றே சொன்னார்: "தப்பு என்னுதும்மா. நான்தான் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சிட்டு மறந்துட்டேன். உங்க அத்தையும் அதே மாதிரிதான் இருட்டா வந்தா. உன் நிறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பரவால்ல மாமா, விடுங்க."

"மறுபடி எடுக்கறேன். கோட்டு போட்டுட்டு வாயேன்."

"ரெண்டு நிமிஷம் இருங்க மாமா."

ரெண்டு நிமிஷம் கால் மணி நேரமாயிற்று. வெள்ளைக் கோட்டோடு வந்தாள். முகம் முழுக்கப் பவுடர். நெற்றியிலிருந்து தாடை வரை அப்பி, காது மடலுக்குக்கூடத் தடவியிருந்தாள். தாடைக்குக் கீழே கழுத்து தன் நிறத்தில் இருந்தது.

"இப்ப சரியா வரும்ல மாமா?"

குத்திக்காட்டுகிறாளோ என்று பார்த்தார். இல்லை. நிஜமாகவே கேட்டாள். பின்னாலிருந்து அக்கா, "நல்லா பளிச்சுன்னு இருக்கா, எடுடா" என்றாள்.

முகத்தைக் கழுவிட்டு வாம்மா என்று சொல்ல வாயெடுத்தார். எந்த வாயால் சொல்வது? கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். முள் சரியாக நடுவில் நின்றது. "சிரிம்மா" என்றார், அவள் சிரித்தாள், அவர் அழுத்தினார்.