சுருவில் மாப்பிள்ளையின் கோல்கள்

பக்கத்து ஊரான சுருவிலிலிருந்து அந்தச் சம்பந்தம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. பெண்ணின் தகப்பன் புகையிலையும் வெங்காயமும் தோட்டம் செய்கிறவர், காணி பூமி உள்ளவர். அதோடு சுருவில் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர். தரகர் வந்து விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்து, என் சாதகத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனார். பிறகு, பொருத்தம் குறைவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்குப் பெரிய கவலை வரவில்லை. பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அடுத்த மாதமே அந்தப் பெண்ணின் சாதகம் எங்கள் பக்கத்து வளவுக்காரனுக்குப் பொருந்திவிட்டது. அன்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படிப்பை விட்டதும் அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். நான் எங்கள் ஊர் கரம்பொனிலேயே நின்று கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை எடுத்தேன். அவன் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் ஊர்க் கழகத்தில் நடுவில் நின்று கோல் அடிக்கிற சென்ரர் போர்வேட் நான்தான். ஒன்பதாம் இலக்க ஜேர்சி என்னிடம் இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் கடை எரிந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, யாரோ கொடுத்த சாரத்தை உடுத்திக்கொண்டு அவன் ஊருக்கு வந்து சேர்ந்தான். முழு ஊரும் அவன் வீட்டு வாசலில் நின்றது. நானும் நின்று அழுதேன். அது உண்மையான அழுகைதான்.

ஒரு மாதம் கழித்து எங்கள் கப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நீர் இடப்பக்கம் போம். அவன் நடுவிலை விளையாடட்டும். பாவம், எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவன்.”

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவனுக்கு என் ஜேர்சியையா கொடுக்க வேண்டும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் மனிதத்தன்மை இல்லாதவன் என்பார்கள். கழற்றிக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் என்னைவிட நல்ல விளையாட்டுக்காரன். நெடிய ஆள், இரண்டு காலாலும் அடிப்பான். நான் இடப்பக்கத்தில் பந்தைக் கொண்டு ஓடி, தலையை நிமிர்த்திப் பார்க்காமலே குறுக்கே தட்டிவிடுவேன். அவன் அங்கே நிற்பான். எப்படித்தான் வந்து நிற்பானோ தெரியாது. கோல் விழும். சனம் அவனைத் தூக்கும். எனக்கு யாராவது முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்கள்.

கலியாணம் பங்குனியில் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்குக் குடிபோவது வழக்கம். கழகத்துப் பெடியள் எல்லோரும் சைக்கிளில் சுருவிலுக்குப் போனோம். சீதனமாகக் கல்வீடு, கிணறு, தோட்டம் செய்ய ஒரு தறை, ஒரு புதுச் சைக்கிள். பந்தியில் பாயாசம் வந்தபோது அவன் மாமனார் எங்கள் கப்டனுக்குப் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார்.

“தம்பி, குறை நினைக்காதையுங்கோ. இந்த முறை லீக்கிலை மாப்பிள்ளை எங்கட பக்கம்.”

கப்டன் பாயாசத்தை வாயில் வைக்காமலே எழுந்து கை கழுவப் போனார். லீக் கப்புக்காகத்தான் இந்தக் கலியாணம் என்று திரும்பி வரும்போது பெடியள் கதைத்தார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம். ஒன்பதாம் இலக்கம் திரும்பி வருகிறது. பொருத்தம் பார்க்கும்போது சாதகத்தை மட்டும் பார்க்கவில்லை, காலையும் பார்த்திருக்கிறார்கள் என்ற எரிச்சலும் கூடவே இருந்தது.

தீவுப்பகுதிக் கழகங்களின் லீக் சித்திரைக்குப் பிறகு தொடங்கியது. ஒவ்வொரு கழகமும் மற்ற எல்லாக் கழகத்தோடும் ஒரு தடவை விளையாட வேண்டும். புள்ளி கூடினவர்களுக்குக் கப். அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம். நாணயச் சுண்டலில் வென்றால் கோல் பக்கத்தைத் தெரிவு செய்வதில்லை, காற்றைத் தெரிவு செய்வோம். விழுந்தால் முழங்கால் சுண்ணாம்புக் கல்லில் உரஞ்சித் தோல் போகும்.

வேலணையில் நடந்த முதல் ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று வென்றோம். ஒரு கோல் நான் அடித்தது. சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினியில் இருந்தபடியே கேட்டார்.

“வெண்டனீங்களோ?”

“ஓம். நான் ஒண்டு அடிச்சனான்.”

“நல்லது. உவன் அங்கை சுருவிலிலை மூண்டு அடிச்சவனாம். அவன்ரை தாய் இப்பதான் வந்து சொல்லிப்போட்டுப் போறாள்.”

அதற்குப் பிறகு அந்த லீக் முழுவதும் இதே கதைதான். நான் ஒன்று அடித்தால் அவன் இரண்டு அடித்தான். நான் அடிக்காத நாளில் தலையால் ஒன்றும் காலால் ஒன்றும் என்று செய்தி வரும். எங்கள் ஆட்டம் இல்லாத பின்னேரங்களில் எங்கள் ஊர்ச் சனமே சுருவிலுக்குச் சைக்கிள் மிதித்தது. எங்கள் ஐயா, ஆயுளில் என் ஆட்டத்தை இரண்டு தடவைக்கு மேல் பார்க்காதவர், சுருவிலில் ஒரு பசுமாடு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாடு வாங்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, “மாடு சரியில்லை,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அவன் அடிச்ச ரெண்டாவது நல்ல கோல்,” என்றார். நான் பாதிச் சோற்றோடு எழும்பினேன்.

நெடுந்தீவுக்குப் போனது இன்னும் மோசம். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போகும்போது கடல் எங்களைப் போட்டுப் புரட்டியது. எங்கள் கோல்காப்பாளர் வழி முழுக்கச் சத்தி எடுத்தார். இறங்குதுறையில் எங்களைக் கூட்டிப்போக வந்த பெரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“அந்த நெட்டைப் பெடியன் வரேல்லையோ?”

“அவர் இப்ப சுருவில். நான்தான் சென்ரர்.”

“ஓ,” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு ‘ஓ’ திரும்பி வரும் படகில் முழுக்க என் காதில் கிடந்தது. நாங்கள் தோற்றிருந்தோம்.

ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழகப் பெடியளோடு சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கப் போனேன். அங்கே அவன் மனைவியோடு வந்திருந்தான். நான் அவளைக் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். வடிவான பெண். கடற்காற்றில் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அண்ணை, உங்களைப் பற்றித்தான் இவர் எந்த நேரமும் கதை. எங்கட பெடியளுக்குப் பந்து குடுக்கத் தெரியாதாம். நீங்கள் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாமாம்.”

அவன் வெட்கப்பட்டு மண்ணைக் காலால் கிளறினான். “உண்மைதானே மச்சான்,” என்றான்.

அவள் என்னைப் புகழ்ந்துதான் சொன்னாள். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. அந்த வீட்டில் என் பெயர் அடிபடுவது பந்து எடுத்துக் கொடுக்கிறவனாகத்தான். குளிக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், சுருவிலோடு. நாங்கள் வென்றால் கப் எங்களுக்கு. சமமாக முடிந்தால்கூட அவர்களுக்கு. மதில்மேலும் பூவரச மரங்களிலும் சனம். அவன் வேறு நிற ஜேர்சியோடு உள்ளே வந்தபோது எங்கள் பெடியள் கூ என்று கத்தினார்கள். எனக்கு அது இனித்தது.

முதல் பாதியில் காற்று எங்களுக்கு. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னர், மூலையிலிருந்து அடித்த கோணர் உதையில் வந்த பந்து ஒருவரின் தோளில் பட்டு என் முன்னால் விழுந்தது. வலக்காலால் அடித்தேன். வலை இல்லாத கோல். பந்து கம்பங்களுக்கு நடுவால் போய்ப் பின்னால் இருந்த சப்பாத்திக் கள்ளிப் பற்றைக்குள் விழுந்தது. என்னைத் தூக்கினார்கள். ஆட்களின் தலைக்கு மேலால் ஐயாவைத் தேடினேன். அவர் கை தட்டிக்கொண்டு நின்றார். அந்த நிமிடம் எனக்கு ஒருவர் மேலும் பொறாமை இல்லை.

இடைவேளைக்குப் பிறகு காற்று அவர்கள் பக்கம் போனது. அவர்களுடைய வலப்பக்கத்தான் உயர்த்தி அடித்த ஒரு பந்து காற்றில் வளைந்து வந்தது. அவன் எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் எழும்பித் தலையால் தட்டினான். ஒன்றுக்கு ஒன்று. பிறகு எங்கள் சனத்துக்குள்ளிருந்தே கைதட்டல் கேட்டது. நான் திரும்பி ஐயா நின்ற பக்கம் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் நடுவரிசைக்காரன் ஒரு பந்தை நீட்டி அனுப்பினான். நான் அவர்களுடைய பின்காவலனைத் தாண்டிவிட்டேன். முன்னால் கோல்காப்பாளர் மட்டும். இடப்பக்கமாகச் சாய்ந்து ஓடினேன். “அடி, அடி!” என்று சனம் கத்தியது. நான் அடிக்கவில்லை. தலையை நிமிர்த்தாமல் பந்தைக் குறுக்கே தட்டிவிட்டேன். அங்கே ஒருவரும் இல்லை. அவன் வழக்கமாக வந்து நிற்கிற இடம் அது. அவன் அப்போது மைதானத்தின் மற்ற முனையில், எதிர்க் கழக ஜேர்சியோடு நின்றான். பந்து உருண்டு கோட்டுக்கு வெளியே போனது.

மத்தியஸ்தர் விசில் ஊதினார். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தார். கப்பை மருமகனின் கையில்தான் கொடுத்தார்கள். அவன் அதைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். நான் மரத்தடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“ஏன் மச்சான் அடிக்கேல்லை?”

“கால் வழுக்கிப்போட்டுது.”

அவன் நம்பவில்லை. பக்கத்தில் வந்து குந்தினான்.

“நான் அந்தரப்பட்டுப் போனன்,” என்றான். “பந்து அங்கை போகேக்கை, என்ரை கால் தானா முன்னுக்குப் போச்சு.”

அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது, நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட வேண்டும் போலவும் இருந்தது. சப்பாத்துக் கயிற்றில் விழுந்த முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவனை மாமனார் கூப்பிட்டார். எழுந்து போனான்.

அடுத்த வருடம் லீக் நடக்கவில்லை. யுத்தத்தில் கடலில் படகு ஓட்டுவதே பயமாகிவிட்டது. ஊருக்கு ஊர் போய் விளையாட யார் துணிவார்கள்? அந்த ஆவணியில் அவன் ஜெர்மனிக்குப் போனான். மனைவியைப் பிறகு கூப்பிட்டுவிட்டான். அந்த நாட்டிலும் எங்கள் ஊர்ப் பெடியள் கழகம் வைத்து விளையாடுகிறார்கள் என்றும், அவன்தான் நடுவில் என்றும் அவனுடைய தாய் அம்மாவிடம் வந்து சொன்னாள். எனக்கும் கலியாணம் பேசி முடிந்தது. பெண் கரம்பொன்தான் என்பதால் நான் ஊர் மாறவில்லை.

இடம்பெயர்ந்து போகும்வரை, பின்னேரங்களில் எங்கள் மைதானத்தில் கையில் கிடைத்த பெடியளைச் சேர்த்து விளையாடினோம். நடுவில் நான்தான். அந்த இடத்துக்கு என்னோடு போட்டிக்கு ஒருவரும் இல்லை. ஒரு நாள், மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய், காற்றுக்கு எதிராக, கம்பத்தை ஒட்டி ஒரு கோல் அடித்தேன். நான் அடித்தவற்றில் அதுதான் நல்லது என்று இன்றைக்கும் சொல்வேன். சைக்கிளை நிறுத்திவிட்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் தலையை ஆட்டினார்.

“நல்ல அடிதான் தம்பி. அவன் எண்டால் இதை இடக்காலாலை அடிச்சிருப்பான்.”

பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போனேன்.