மெஹருன்னிசா விட்டுச்சென்ற அமானிதம்

மெஹருன்னிசா இறந்த செய்தியை எங்கள் கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டவருக்கு, அது இறப்புச் செய்தி என்பதே புரியவில்லை. அவர் மோகனூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த எழுத்தர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "சேலத்துல இருந்து மெஹர் மிஸ்ஸோட தம்பி பேசுனாருங்க. மிஸ் மௌத்தாப் போயிட்டாங்களாம். அது எந்தப் பக்கம் இருக்குதுங்க?" என்று கேட்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே வழி கேட்டு, மெஹர் கடைசியாகத் தங்கியிருந்த அவர் தம்பியின் வீட்டை அடைந்தபோது, ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் எனக்கும் பாயில் இடம் கொடுத்தார்கள். சிறுநீரகம் கெட்டுத்தான் அவர் இறந்தார். மருத்துவர் பல மாதங்களாகச் சொல்லி வந்ததுதான். ஆனாலும் எனக்குப் பின்னால் இரண்டு பேர், "அந்தக் கட்டையை வீட்டுல வெச்சிருந்தா வேற என்ன ஆகும்" என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் எங்கள் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சைக் கேட்டேன். பட்டம் பெற்றவர்கள் பேசினார்கள். இந்தக் கல்லூரி மலரைப் படிக்கிறவர்களில் பலர் அவரிடம் பூகோளம் படித்தவர்கள். அந்தக் 'கட்டை' என்ன என்பதை உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் அவரும் அவர் கணவரும் நைஜீரியாவுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். அன்று நம் பக்கத்திலிருந்து பலர் அப்படிப் போனார்கள். யொரூபா மக்கள் வாழும் ஒரு சிற்றூரில் இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை. சில வருடங்களில் திரும்பி வந்து எங்கள் கல்லூரியில் சேர்ந்தபோது, மாணவிகள் அவரை 'ஆப்பிரிக்கா மிஸ்' என்றே அழைத்தார்கள். முதல் நாளே ஒருத்தி எழுந்து, "மிஸ், உங்களுக்கு ஆப்பிரிக்கா பாஷை பேச வருங்களா?" என்றாள். "உனக்கு இந்தியா பாஷை பேச வருமா?" என்று கேட்டுவிட்டு, கரும்பலகையில் அந்தக் கண்டத்தை வரைய ஆரம்பித்தார். வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் பாதிக் கரையோரத்தை வரைந்து முடித்திருந்தார் என்று அந்த மாணவி பிறகு என்னிடம் சொன்னாள்.

அவர் கொண்டுவந்தவை அதிகம் இல்லை. அவுரி நீலத்தில் தோய்த்த இரண்டு துணிகள், கோடு செதுக்கிய ஒரு சுரைக்குடுவை, தறியில் பாவு இழைகளை ஏற்றி இறக்கும் விழுதுகளைத் தொங்கவிடும் ஒரு மரக்கப்பி. அந்தக் கப்பியின் உச்சியில் சிறியதாக ஒரு பெண்முகம் செதுக்கியிருந்தது. ஜலகண்டாபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா தறியில வெறும் கட்டைதான் மிஸ் இருக்குது. இதுக்கு எதுக்கு மூஞ்சி?" என்றாள். "நாளெல்லாம் அதுக்கு எதிர்லதான உங்கப்பா உக்காந்திருக்கார்? ஒரு முகம் இருந்தா ஆகாதா?" என்றார் மெஹர். ஆப்பிரிக்கக் கலை பற்றி நூலகத்தில் நான் படித்ததெல்லாம் வடிவம், வளைவு, ஐரோப்பிய ஓவியர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது என்றுதான் இருந்தது. அந்தக் கப்பிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இவற்றோடு இன்னொன்றும் வந்தது, அந்தக் 'கட்டை'. ஒரு முழ உயரத்துக்கும் குறைவான மர உருவம். குழந்தைக்காகச் செய்தது என்றாலும் உடம்பு பெரியவருடையது. தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. கூம்பிய கொண்டையில் துணிக்குப் போடும் நீலம் பூசியிருந்தது. கழுவிக் கழுவி, தடவித் தடவி, கண்ணும் மூக்கும் ஏறக்குறைய மறைந்துவிட்டன. மார்பில் ஒரு தாயத்து, மரத்திலேயே செதுக்கியது. இடுப்பில் சிவப்பும் கருநீலமுமாகக் கண்ணாடி மணிகள் கோத்த கயிறு.

அதன் கதையை அவர் எனக்கு ஒருநாள் மதிய உணவு வேளையில் சொன்னார். யொரூபா மக்களிடையே இரட்டைக் குழந்தைகள் அதிகம். இரட்டையருக்கு உயிர் ஒன்றுதான், இரண்டு உடம்பில் பங்காக இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. முதலில் பிறந்தவன் தாயீவோ, அடுத்தவன் கெஹிந்தே. பின்னால் வந்தவனே அண்ணன். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியை முன்னால் அனுப்பினானாம். இருவரில் ஒருவன் போய்விட்டால் அவனுடைய பங்கு உயிர் தங்க இடமில்லாமல் அலையும், மற்றவனையும் இழுத்துக்கொள்ளும். அதனால் குறி கேட்டு, தச்சரிடம் சொல்லி ஓர் உருவம் செய்வார்கள். தாய் அதைக் குளிப்பாட்டுவாள், சிவப்பு மரத்தூளும் எண்ணெயும் தேய்ப்பாள், இருக்கிற பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது இதன் வாயிலும் ஒரு பருக்கை வைப்பாள்.

மெஹரின் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒரு தாய். அவரும் முஸ்லிம்தான், உருவத்தின் மார்பில் இருந்த தாயத்து அதற்கு அடையாளம். எஞ்சியிருந்த மகன் தாயீவோ வளர்ந்து வெளியூரில் மார்க்கக் கல்வி கற்றுத் திரும்பினார். உருவம் வீட்டில் இருக்கக் கூடாது, எரிக்க வேண்டும் என்றார். தாய் அன்று மாலையே அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மெஹரிடம் கொடுத்து, "நான் கேட்கும்வரை வைத்திரு" என்று சொல்லியிருக்கிறார்.

"அந்த மகன் சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் மெஹர். "நானும் தொழுகிறவதான். உருவம் இருக்கிற அறையில நான் தொழுறதில்ல. ஆனா வாங்கிக்கிட்டேன். வாங்கினது அமானிதம். கேக்கறப்ப எப்படிக் கொடுத்தாங்களோ அப்படியே திருப்பிக் கொடுக்கணும். அதுக்கப்புறம் அவங்க என்ன செஞ்சாலும் அது அவங்க விஷயம்."

ஆனால் அந்தத் தாய் மகள் வீட்டுக்கு வெகுதூரம் போயிருந்த நேரத்தில் இவர்களின் வேலை முடிந்துவிட்டது. ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. மகனிடம் கொடுத்தால் எரிந்துவிடும். எனவே அது நாமக்கல்லுக்கு வந்தது. எழுதிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

இங்கே அதை வீட்டில் யாரோ பார்த்துவிட்டார்கள். வாடகை வீட்டுக்காரர் செய்வினைப் பொம்மை என்றார்; வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அடுத்த தெருவில் இன்னொரு வீடு பார்த்தார்கள்; பேச்சு அங்கேயும் போய்ச் சேர்ந்தது. அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் உலகக் கலைகள் என்று ஒரு கண்காட்சி வைத்தோம். முதல்வர் அந்த உருவத்தைக் கேட்டார். மெஹர் முதலில் மறுத்தார். பிறகு எல்லோரும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் பேச்சு அடங்கும் என்று நினைத்து ஒப்புக்கொண்டார். தன் கையாலேயே அட்டை எழுதி அதன் முன் வைத்தார்: 'இறந்த இரட்டைக் குழந்தையின் உருவம். மேற்கு ஆப்பிரிக்கா.'

திறப்பு நாளன்று காலையில் குத்துவிளக்கு ஏற்பாட்டைக் கவனிக்க முதலில் வந்தவர் மனையியல் துறையின் சரோஜா. திருச்செங்கோட்டுப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், அதிகம் பேசமாட்டார். நானும் மெஹரும் உள்ளே நுழைந்தபோது, ரிப்பன் வெட்டத் தட்டில் வைத்திருந்த கத்தரி சரோஜாவின் கையில் இருந்தது. உருவத்தின் இடுப்புக் கயிறு அறுந்து, மணிகள் மேசைவிரிப்பில் சிதறிக் கிடந்தன.

அவர் மறைக்கவில்லை. நல்லது செய்தவரின் முகத்தோடுதான் திரும்பினார்.

"அட்டையப் படிச்சேனுங்க மிஸ். செத்த கொழந்தைக்கு அரணாக்கயிறு விட்டுவெக்கக் கூடாதுங்க. அது போக முடியாம தவிக்குமுங்க. எங்கூட்டுப் பையனுக்கு நானேதான் அறுத்துவிட்டேனுங்க."

சரோஜாவுக்கு ஒரு மகன் இருந்து இறந்தான் என்பது அன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

மெஹர் தரையில் உட்கார்ந்து, உருண்டு போயிருந்த மணிகளைப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் சேர்க்க ஆரம்பித்தார். சரோஜாவும் உட்கார்ந்து பொறுக்கினார். கடைசியில்தான் மெஹர் பேசினார்.

"தப்பு உங்களுது இல்லைங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன். அந்தம்மா ஒரு நாளும் செத்துப்போச்சுன்னு சொன்னதில்ல. ஊருக்குப் போயிருக்குன்னுதான் சொல்வாங்க. இங்க இருக்கறவங்களுக்குப் புரியணுமேன்னு நான்தான் 'இறந்த'ன்னு போட்டேன்."

"அப்ப அறுத்திருக்கக் கூடாதுங்களா?"

"கூடாதுங்க."

இறந்தவருக்கு அரைஞாண் கயிறு ஆகாது என்பது இங்கே முறை. அங்கே, அந்தக் கயிறு இருக்கும்வரை பிள்ளை வீட்டில் இருக்கிறது. இரண்டு தாய்களும் தங்கள் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். நடுவில் தவறாகப் போனது ஒரு சொல். அந்தச் சொல்லை எழுதியவர் மெஹர். அதற்காக அவர் கடைசிவரை வெட்கப்பட்டார்.

அதை எடுத்து வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். ஊரில் பெரிய மனிதர். ரிப்பன் வெட்டினார், அதே கத்தரியால்தான். மேசைகளைச் சுற்றி வந்தவர், இடுப்பு வெறுமையாக நின்ற அந்த உருவத்தைத் தலையைப் பிடித்துத் தூக்கி, "ஏனுங்க, நம்ம கருப்பண்ணசாமிக்குப் பங்காளியாட்டம் இருக்குதே. துணிமணி எடுத்துக் குடுக்க ஆளில்லைங்களா?" என்றார். முதல்வர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது: ஆசிரியர்கள், மாணவிகள், மாணவிகளின் பெற்றோர். நான் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் நிற்பதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. மெஹர் முன்னால் போய், இரண்டு கையையும் நீட்டி, "என்கிட்ட கொடுங்க" என்றார். பிள்ளையை வாங்குகிறவர் நீட்டுவதுபோல. அவரும் சிரித்தபடியே கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். மெஹர் அதை அவுரித் துணியில் சுற்றிக்கொண்டு, நிகழ்ச்சி முடியும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

"அங்க இதைச் சுவரோரமா நிறுத்திவெச்சு யாரும் பாத்ததில்ல" என்று அன்று மாலை என்னிடம் சொன்னார். "மடியில வெச்சிருந்ததத்தான் நான் பாத்திருக்கேன். அது தெரிஞ்சும் மேசை மேல வெச்சேன். என்னைப் பத்தின பேச்சு அடங்கணும்னு அதைக் கொண்டாந்து காட்டினேன். அமானிதத்தை என் காரியத்துக்குப் பயன்படுத்திட்டேன்."

சில நாள் கழித்துச் சரோஜா புது நூல் கொண்டுவந்து, மணிகளைக் கோத்துத் தருவதாகச் சொன்னார். மெஹர் வேண்டாம் என்றார். சிவப்பும் நீலமும் எந்த வரிசையில் இருந்தன என்று அவருக்கு நினைவில்லை. "நம்ம கோத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அது நம்ம கோத்ததாயிடும். அறுந்ததை அறுந்ததாகவே காட்டித்தான் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்." மணிகள், கண்ணுக்கு இடும் சுர்மா வைத்திருந்த ஒரு பழைய டப்பாவுக்குள் போயின. அதன் பிறகு எந்தக் கண்காட்சிக்கும் அவர் எதையும் தரவில்லை. மாணவிகள் கேட்டால் கப்பியை மட்டும் காட்டுவார்.

அந்த வெட்கத்தை அவர் பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் அது அவருடைய பாடத்தை மாற்றியது. அதற்கு முன் 'பழங்குடி நம்பிக்கைகள்' என்று ஒரே தலைப்பில் சொல்லி முடித்துவிடுவார். பிறகு, யார், எங்கே, யாருக்காக என்று சொல்லத் தெரியாத எதையும் வகுப்பில் சொல்லமாட்டார். தெரியாது என்று சொல்லிவிடுவார். அவரிடம் படித்தவர்களுக்கு அந்தத் 'தெரியாது' நினைவிருக்கும்.

நாற்பது நாள் கழிந்ததும் அவர் கணவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய பொதியும் அந்தச் சுர்மா டப்பாவும். "மச்சான் வீட்டுல வெக்க முடியல. நீங்க கும்பிடவும் மாட்டீங்க, எரிக்கவும் மாட்டீங்க, அதனால உங்ககிட்டக் கொடுக்கச் சொன்னா மெஹர்" என்றார். என் நம்பிக்கையின்மைக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மெஹரின் தம்பி வீட்டார் அந்தப் பொதியைத் தொடாமல் முறத்தில் வைத்து நகர்த்தினார்கள் என்று அவர் சொன்னபோது, எங்கள் ஆசிரியர் அறையில் நான் கேட்ட பேச்சை அவரிடம் மறைத்துவிட்டேன்.

இப்போது அது என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், அவுரித் துணிக்குள் இருக்கிறது. நான் அதற்குச் சோறு வைப்பதில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. நிறுத்திவைத்துக் காட்டுவதும் இல்லை.

போன வாரம் சரோஜா வந்திருந்தார். டப்பாவைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தார். கோத்துவிடலாமா என்று இந்த முறை கேட்கவில்லை. மூடித் திரும்பக் கொடுத்தார்.

"அந்தம்மா கேட்டு ஆள் அனுப்புனாங்கன்னா, நாந்தான் அறுத்தேன்னு சொல்லிப்போடுங்க மிஸ்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். மெஹர் இருந்திருந்தால், 'நான்தான் தப்பாக எழுதினேன்' என்றும் சொல்லச் சொல்லியிருப்பார், அதையும் சொல்வேன். அன்று கூடத்தில் சிரித்தவர்கள் மட்டும் இதுவரை என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. அவர்களில் சிலர் இதைப் படிக்கக் கூடும். யாரும் வந்து கேட்கும்வரை உருவமும், கோக்காத மணிகளும், அந்தச் சிரிப்புக்காக அந்தத் தாயிடம் சொல்ல வேண்டிய பதிலும் என்னிடம்தான் இருக்கும்.