தம்ளர் கூடாது என்ற சோடா கம்பெனி

'டொக்'… கோலி உள்ளே விழும் சத்தம். பின்னாலேயே புஸ்ஸென்று பொங்கும் எலுமிச்சை வாசனை. சிங்கப்பூர் ரயில் பாதையில் இருக்கும் சிகாமட் ஸ்டேஷனுக்கு எதிரே எங்கள் சோடாக் கடையில் பொழுது அப்படித்தான் விடியும்.

எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, ஞாபகம் மட்டும் கெட்டி. நான் சொல்ல மகள் டைப் செய்கிறாள். தப்பிருந்தால் அவளைத் திட்டாதீர்கள்.

ஜப்பான்காரன் போய்ச் சில வருஷம் கழித்து… என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் நிறுக்கும் வேலையை விட்டுவிட்டு, சிங்கப்பூர் கம்பெனி ஒன்றின் சோடா ஏஜென்சியை எடுத்தார். என் வளையல்கள் அதில் போயின. கடை படுத்தால் மறுபடி எஸ்டேட் கூலி லயத்துக்கே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

பெயர்ப்பலகை, பெட்டி, பாட்டில் எல்லாம் கம்பெனி கொடுத்தது. கூடவே ஒரு பக்கம் நிறைய ரூல். அதில் ஒன்று, சோடாவைப் பாட்டிலோடுதான் கொடுக்க வேண்டும், தம்ளரில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் பாட்டிலில் பொறித்த கம்பெனி பெயரை யார் பார்ப்பார்கள்? நியாயமாகத்தான் பட்டது. அவர் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பெரிய புத்திசாலிகள்!

முதல் சம்பள நாள். எஸ்டேட் ஜனம் திரண்டு வந்தது. ஊரார் எச்சில் பட்ட பாட்டிலில் நம் ஆள் எவன் வாய் வைப்பான்? எல்லோரும் அண்ணாந்து கவிழ்த்தார்கள். கோலி உருண்டு வந்து கழுத்தை அடைத்தது. ஆட்டினால் மொத்தமும் மூக்கில் ஏறியது. பாதிப் பேர் இருமிக்கொண்டே பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

பிறந்ததிலிருந்து நாங்களும் அப்படித்தான் குடிக்கிறோம். கையெழுத்துப் போடும்போது இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்…

அடுத்த சம்பள நாளுக்கு வீட்டுப் பித்தளைத் தம்ளர்களைக் கொண்டுபோய் வைத்தேன். பாட்டிலைப் பக்குவமாகச் சாய்த்தால் கோலி கழுத்துப் பள்ளத்தில் தங்கிவிடும். ஊற்றிக் கொடுத்தேன், நிம்மதியாகக் குடித்தார்கள். மத்தியானத்துக்குள் பெட்டிகள் காலி.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. கம்பெனி இன்ஸ்பெக்டர் ரயிலில் வந்து இறங்கினார், தம்ளர்களைப் பார்த்தார். அடுத்த மாதம் வரும்போதும் இருந்தால் பலகையைக் கழற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"அலமாக், போச்சுடி" என்று இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். எனக்கோ கோபம்தான் பொங்கியது.

சொன்னபடி அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். உச்சி வெயில், கோட்டு, டை, வழியும் வியர்வை. தம்ளர்களை உள்ளே வைத்துவிட்டேன். கடையைச் சுற்றிப் பார்த்துத் திருப்தியானவர், தனக்கும் ஒரு சோடா கேட்டார். நான் பாட்டிலை மட்டும் நீட்டினேன்.

அவரும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். டை கட்டினால் பழக்கம் போகுமா? பாட்டில் வாயை ஒரு தரம் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். அண்ணாந்தார்…

மூக்கு, டை, கோட்டு எல்லாம் சோடா. என் வீட்டுக்காரருக்கு உயிரே இல்லை.

இருமல் அடங்கியதும் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "ஒரு தம்ளர் இருந்தா குடும்மா."

"இருக்குங்கய்யா. உங்க ரூல்தான் விடல."

அவர் நனைந்த டையைப் பிழிந்தார். பிறகு மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு தம்ளர் குடித்தார். அக்ரிமெண்டை எடுக்கச் சொல்லி, அந்த வரியைத் தன் பேனாவாலேயே அடித்துக் கையெழுத்தும் போட்டார். சில மாதத்தில் கம்பெனி பெயர் பொறித்த தம்ளர்கள் எல்லா ஏஜென்சிக்கும் வந்தன. நாங்கள் பாலோ ஊரிலும் ஒரு கடை போட்டோம். லயத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை!

இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மகள் வீட்டுக்குக் கீழே வரிசையாகப் பிரான்சைஸ் பானக் கடைகள். எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரா. சிலது ஆறு மாதத்தில் மூடிவிடுகிறது… கையெழுத்துப் போடுமுன் அந்தச் சாமானை வாடிக்கையாளர் மாதிரி ஒரு தடவை குடித்துப் பார்த்தார்களா என்று கேட்க வாய் வரை வரும். அடக்கிக்கொள்வேன்.

கம்பெனி இல்லை, அவரும் இல்லை. பெயர் பொறித்த தம்ளர் ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. காலைக் காப்பி அதில்தான்… இன்றைக்கும் அண்ணாந்துதான்.