எந்த காலேஜ், ரேஷம்?

மாவு உருண்டையைப் பலகையில் வைத்து இரண்டு தேய்ப்பு தேய்ப்பதற்குள் ரேஷம் கௌர் மூன்று கேள்விகளைக் கேட்டு முடித்துவிடுவாள். "பையன் என்ன கிளாஸ்? மார்க் எப்படி? எந்த காலேஜ்?" முதல் இரண்டுக்கும் பதில் வராவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவாள். மூன்றாவதற்கு வராமல் அவள் கையிலிருக்கும் ரொட்டி கல்லுக்குப் போகாது. பெர்க்லி என்று சொன்னால் "ஹாய் ரப்பா!" என்று கட்டையைக் கீழே வைப்பாள். டேவிஸ் என்றால் ஒரு தலையாட்டல். கேட்ட எல்லோருக்கும் இடம் தருகிற, இரண்டு வருஷமே படிப்புள்ள நம்மூர் கம்யூனிட்டி காலேஜ் என்றால் கட்டை நிற்காது; தலையையும் தூக்க மாட்டாள். "பரவால்ல, வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்" என்பாள்.

யூபா சிட்டியில் பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பீச் தோட்டங்களுக்கு நடுவே போகிற அந்த மஞ்சள் வண்டியில் ஏறாத பஞ்சாபிப் பிள்ளை இந்த ஊரில் குறைவு. கைக்காப்பு ஸ்டியரிங்கில் தட்டத் தட்ட ஓட்டுவாள். காலேஜ் முடிவுகள் வருகிற மார்ச் மாதம் வந்துவிட்டால் சாலையைவிடப் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைத்தான் அதிகம் பார்ப்பாள். கடைசி வருஷப் பிள்ளைகளில் எவன் முகம் தொங்கியிருக்கிறது, எவள் வாயெல்லாம் பல்லாக இருக்கிறாள் என்று பார்த்தே யாருக்கு எங்கே இடம் கிடைத்தது, எங்கே கை விரித்தார்கள் என்று சொல்லிவிடுவாள். பெற்ற அம்மாக்களுக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை குருத்வாரா சமையலறையில் எங்களுக்கும் தெரிந்துவிடும்.

எனக்கு அவள்மேல் ஒரு கடுப்பு உண்டு, மறைப்பானேன். என் மகன் ஜுக்ராஜ் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தபோது, நாற்பது பெண்கள் ரொட்டி தேய்க்கிற இடத்தில், "ஏன் தல்ஜீத், பையனுக்குப் படிப்பு ஏறலையா?" என்று கேட்டவள் இவள். இரண்டு வருஷம் கழித்து அவன் அங்கிருந்து டேவிஸுக்கு மாறினான். அப்போதாவது வாயை மூடினாளா? "பின்வாசல் வழியா போனாலும் உள்ள போயிட்டான்ல, அது போதும்" என்றாள். அன்றைக்கு வயிறு எரிந்தது. இப்போதும் லேசாக எரிகிறது.

அவள் மகள் ஸிம்ரத்துக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. பதினாறு வயதிலிருந்து பக்கத்துப் பண்ணையில் கன்றுகளுக்குப் புட்டியில் பால் கொடுத்து, சாணி மிதித்த பூட்ஸோடு வீட்டுக்குள் வந்து வாங்கிக் கட்டிக்கொள்கிற பெண். அதற்கு டேவிஸ்தான் இடம். டேவிஸ் முடியாது என்றுவிட்டது. சான் டியாகோ வா என்றது. பள்ளியில் காலேஜ் ஆலோசகர் மூன்றாவதாக ஒரு வழி சொன்னார்: இங்கேயே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம், குறித்துக் கொடுத்த பாடங்கள், குறித்த மார்க், அதை வாங்கினால் டேவிஸில் இடம் உறுதி என்று எழுதியே தருவார்கள். மே ஒன்றாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"மம்மி, சான் டியாகோல கடல்தான் இருக்கு. எனக்கு மாடு வேணும்."

"மாடு எங்கயும் ஓடிப் போகாதுடி. சான் டியாகோன்னா சொல்றதுக்கே ஒரு கம்பீரம்!"

ஊருக்குச் சொல்லத்தான் அவள் அலைகிறாள் என்று நானும் நினைத்தேன். ஒருநாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே தணிந்த குரலில் சொன்னாள். "என் பஸ்ல வந்த பசங்கதானே தல்ஜீத்? ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு அந்த காலேஜுக்குப் போனவன் ஆறு வருஷமா அங்கயே சுத்திட்டிருக்கான். ஒரு பாடம் விட்டுப்போச்சுன்னு ஒரு வருஷம், வேலை கிடைச்சுதுன்னு ஒரு வருஷம். உன் பையன் கரை ஏறிட்டான். என் பொண்ணு ஏறுவாளான்னு யாரு சொல்றது? கையில வந்த இடத்தை விட்டுட்டு காகிதத்தை நம்பச் சொல்றியா?" ஜுக்ராஜோடு சேர்ந்த எட்டுப் பேரில் மாறிப் போனது மூன்று பேர்தான்.

அதற்காக அவள் செய்ததை என்னவென்று சொல்வது! எங்கள் குருத்வாராவில் வீட்டில் நல்லது நடந்தால் ஒரு சீட்டில் எழுதி, வழிபாடு நடத்துகிற கியானிஜியிடம் கொடுப்போம். அர்தாஸ் பிரார்த்தனையில், குருவாகவே நாங்கள் வணங்குகிற கிரந்தத்தின் முன்னால் எல்லோரும் எழுந்து கைகூப்பி நிற்க, அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி கூறுவார். ஒவ்வொரு சீட்டுக்கும் கூட்டம் "வாஹேகுரு" என்று சேர்ந்து சொல்லும். ரேஷம் வியாழக்கிழமையே போய்ச் சீட்டைக் கொடுத்துவிட்டாள், மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். குருவின் முன்னால் சொல்லியாகிவிட்டால் பெண் பின்வாங்க மாட்டாள் என்று கணக்கு.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. "பீபி ரேஷம் கௌர் மகள் ஸிம்ரத் கௌர் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் சேர்கிற மகிழ்ச்சியில்" என்று கியானிஜி சொல்லவும் கூடம் அதிர வாஹேகுரு எழுந்தது. வெளியே ரேஷம் மூன்று டப்பா கடலைமாவு லட்டோடு நின்றாள். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். செருப்பு வைக்கிற இடத்தில் ஸிம்ரத் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். நான் லட்டை வாயில் வைத்தபடி பக்கத்தில்தான் நின்றேன்.

"நான் நேத்து மத்தியானமே சான் டியாகோ வேண்டாம்னு அனுப்பிட்டேன், மம்மி."

ரேஷம் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருத்தி வந்து "முபாரக், பெஹன்ஜி!" என்று வாழ்த்தினாள். ரேஷம் அவளுக்கும் ஒரு லட்டு கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே என்மேலேயே எனக்கு அசிங்கமாகவும் இருந்தது.

திங்கள், செவ்வாய் அவள் போனை எடுக்கவில்லை. புதன்கிழமை வீட்டுக்கே போனேன். "யாருக்கும் சொல்லாத. ரெண்டு வருஷத்துல டேவிஸ் போயிடுவா, அப்ப எல்லாரும் மறந்துடுவாங்க" என்றாள்.

உள்ளேயிருந்து ஸிம்ரத் வந்தாள். "மத்தவங்க மறக்கட்டும் மம்மி. குரு முன்னாடி என் பேரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கீங்க. என்னைப் பார்த்தா உங்களுக்கு வெட்கமா இருக்கா? இருந்தா சொல்லிடுங்க." குரலை உயர்த்தவே இல்லை. ரேஷம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அழுதுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் போன். "நீயும் வா தல்ஜீத். கியானிஜிகிட்டத் தனியா போக எனக்குப் பயமா இருக்கு."

கியானிஜி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் புதுச் சீட்டைப் படித்தார். அதில் 'டேவிஸ்' என்று எழுதியிருந்தாள் ரேஷம், பாவி.

"போன வாரம் சான் டியாகோ. இந்த வாரம் டேவிஸா?"

"டேவிஸுக்குத்தான் கியானிஜி போறா. வழியில ரெண்டு வருஷம் ஒரு ஸ்டாப் இருக்கு, அவ்வளவுதான்."

"பொண்ணு இப்ப எந்த ஸ்டாப்ல நிக்குதோ அங்கதானே குரு துணை வேணும்? அதை எழுதும்மா." பேனாவை நீட்டினார். ரேஷம் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் கூடம் நிறைந்த கூட்டம். ஒரு கல்யாணத்துக்கு வாஹேகுரு, ஒரு பேரனுக்கு வாஹேகுரு. பிறகு கியானிஜி, ஒரு எழுத்து விழுங்காமல், ஸிம்ரத் கௌர் நம்மூர் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்ததைச் சொல்லி நன்றி கூறினார். எங்கள் குருத்வாராவில் அந்தக் காலேஜின் பெயர் அர்தாஸில் வந்தது அதுதான் முதல் தடவை. ஜுக்ராஜுக்கு நான் சீட்டுக் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. கூட்டம் தவறிக் கேட்டுவிட்டதுபோல் நின்றது. ஒருவர் வாயும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

எனக்கு முன்வரிசையில் மகளோடு நின்ற ரேஷம், கூப்பிய கையை விலக்காமல், தலையை மட்டும் நிமிர்த்தி, தனியாக, உரக்கச் சொன்னாள்: "வாஹேகுரு!"